டெட்ராய்ட் கோனி சாஸ்: ஹாட் டாக் மீது ஊற்றும் இறைச்சிச் சாஸை வீட்டில் செய்யும் முறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கோனி என்று கேட்டால், ஆவியில் மென்மையாக்கிய பன்னுக்குள் ஒரு சாசேஜை வைத்து, அதன்மேல் அரைத்த மாட்டிறைச்சியில் செய்த செம்பழுப்பு நிறச் சாஸை ஊற்றி, மஞ்சள் கடுகுச் சாஸை ஒரு கோடாக இழுத்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வேக வைக்காமலேயே தூவிக் கொடுப்பார்கள். பெயர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் என்ற கடற்கரைப் பகுதியிலிருந்து வந்தது என்றாலும், சாஸ் உருவானது கிரேக்கத்திலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுமேற்கு நகரங்களில் குடியேறியவர்களின் சிறு உணவகங்களில்தான். ஜாக்சன் நகரில் ஜார்ஜ் டோடொரோஃப் தொடங்கிய கடைக்கு 1914உம், டெட்ராய்டில் கஸ்ட் கெரோஸ் தொடங்கிய அமெரிக்கன் கோனி ஐலண்டுக்கு 1917உம் தொடக்க ஆண்டுகளாகச் சொல்லப்படுகின்றன. கெரோஸின் சகோதரர் பக்கத்துக் கட்டடத்திலேயே லஃபாயெட் கோனி ஐலண்ட் என்ற இன்னொரு கடையைத் திறந்தார். சுவர் ஒட்டி நிற்கும் அந்த இரண்டு கடைகளில் எதன் சாஸ் சிறந்தது என்ற வாக்குவாதம் டெட்ராய்டில் இன்றும் ஓயவில்லை.

எல்லா நகரங்களிலும் ஒரே சாஸ் கிடைப்பதில்லை என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பல செய்முறைகள் இவற்றைக் கலந்து குழப்பிவிடுகின்றன. ஃபிளின்ட் நகரத்துக் கோனியில் சாஸ் என்று சொல்ல முடியாத அளவுக்கு உலர்ந்த, மாட்டின் இதயத்தை அரைத்துச் செய்த உதிரி இறைச்சியைத் தூவுவார்கள். ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் 1922இல் மாசிடோனியாவைச் சேர்ந்த கிராஜெஃப் சகோதரர்கள் தொடங்கிய கடையிலிருந்து பரவிய சாஸில் பட்டை, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் (மிளகைப் போன்ற ஓர் உலர்ந்த மணக் காய்) ஆகியவற்றின் மணம் தூக்கலாக இருக்கும். அதை ஸ்பகெட்டி மீதும் ஊற்றுவார்கள். டெட்ராய்டின் சாஸ் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது: ஊற்றக்கூடிய பதம், மிதமான காரம், மசாலா மணம் இருந்தும் இறைச்சியின் சுவையே மேலோங்கி நிற்கும் தன்மை. இதில் பீன்ஸ் கிடையாது. மிளகாய் சேர்த்த இறைச்சிக் குழம்பான டெக்சாஸ் சில்லியைப் போல இறைச்சித் துண்டுகளும் கிடையாது. இங்கே விளக்கப்போவது இந்த டெட்ராய்ட் முறையைத்தான். எந்தக் கடையின் ரகசியக் கலவையையும் அப்படியே நகலெடுக்கும் முயற்சி இதில் இல்லை, வீட்டு அடுப்பில் அந்தப் பதத்தையும் சுவையையும் எட்டுவதற்கான வழி இருக்கிறது.

இறைச்சி

இந்தச் சாஸின் வெற்றியும் தோல்வியும் இறைச்சியின் துகள் அளவில் இருக்கிறது. கடைகளில் பர்கருக்காக அரைத்து விற்கும் கைமாவை வாங்கி எண்ணெயில் வதக்கினால், அது கட்டி கட்டியாகத் திரண்டு, சாசேஜின் மேல் ஊற்றியவுடன் இரண்டு பக்கமும் உருண்டு விழும். கோனி சாஸில் இறைச்சி ரவையைப் போல நுண்ணிய மணிகளாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் சாறும் இறைச்சியும் பிரியாமல் சேர்ந்தே வர வேண்டும்.

500 கிராம் மாட்டிறைச்சி போதும்; அதில் 12 முதல் 15 ஹாட் டாக்குகளுக்கான சாஸ் கிடைக்கும். மாட்டின் தோள்பட்டைப் பகுதியிலிருந்து எடுத்த, ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள இறைச்சியைக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பே இல்லாத இறைச்சி ஆரோக்கியத்துக்கு நல்லது என்று நினைத்து அதை வாங்கினால், ஒன்றரை மணி நேரம் வெந்த பிறகும் மணல் போல நறநறக்கும். கடைக்காரரிடம் நுண்ணிய துளையுள்ள தட்டில் இரண்டு முறை அரைத்துத் தரச் சொல்வது மிகவும் நல்லது. வீட்டில் அரைப்பதானால், இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அரை மணி நேரம் உறைவிப்பானில் வைத்து விறைக்கச் செய்து, பிறகு ஒரு தடவைக்குக் கைப்பிடியளவு மட்டும் மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து சுற்றினால் கொழுப்பு சூடாகிப் பசையாகிவிடும்.

ஃபிளின்ட் நகரத்தாரின் வழக்கத்தில் ஒரு பகுதியை இதற்குள் கொண்டுவர விரும்புபவர்கள், 500 கிராமில் 100 கிராம் மாட்டிதயமாக வைத்துக்கொள்ளலாம். இதயம் ஓயாமல் இயங்கும் தசை என்பதால் அதில் கொழுப்பு குறைவு, இறைச்சிச் சுவை அதிகம். வெளிப்புறக் கொழுப்பையும் உள்ளே இருக்கும் குழாய்களையும் வெள்ளை நார்களையும் முழுவதும் நீக்கிவிட்டு அரைக்க வேண்டும். கட்டாயமில்லை, ஆனால் கிடைத்தால் சேருங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் சாஸின் ஆழம் அதனால் கூடுகிறது.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆட்டுக் கைமாவைப் பயன்படுத்தலாம். வெள்ளாட்டு இறைச்சியில் கொழுப்பு குறைவாக இருப்பதால் கூடுதலாக 40 கிராம் ஆட்டுக் கொழுப்பைச் சேர்த்து அரைக்கச் சொல்ல வேண்டும். வேகும் நேரமும் அரை மணி கூடும். அப்படிச் செய்தால் நல்ல சாஸ் கிடைக்கும், டெட்ராய்ட் சாஸ் கிடைக்காது. கோழியின் நெஞ்சுக்கறியில் இதை முயல வேண்டாம். நீண்ட நேரம் வேகவைக்கும்போது அது சக்கையாகிவிடும்.

மிளகாய்த்தூள் விஷயத்தில் கவனம்

அமெரிக்கச் செய்முறைகளில் சில்லி பவுடர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நம் வீட்டு மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால் சாஸை யாரும் வாயில் வைக்க முடியாது. அங்கே அந்தப் பெயரில் விற்கப்படுவது ஒரு கலவை: ஆன்சோ எனப்படும், காரம் குறைந்த, உலர்ந்த திராட்சையின் இனிப்புச் சாயல் கொண்ட மெக்சிகோ மிளகாயுடன் சீரகம், ஓரிகானோ, பூண்டு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த பொடி. டெக்சாஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களில் இத்தகைய கலவையைப் பொட்டலமாக்கி விற்கத் தொடங்கிய பிறகுதான், மெக்சிகோ எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருந்த சமையற்காரர்களுக்கும் அது எளிதில் கிடைக்கலாயிற்று.

இதை நாமே கலந்துகொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி இனிப்பு பாப்ரிகாத் தூள், வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி, ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, பூண்டுத்தூள் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்தால் 500 கிராம் இறைச்சிக்குப் போதுமான கலவை கிடைக்கும். பாப்ரிகா இல்லாவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூளை ஒன்றரை மேசைக்கரண்டியாக்கி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆன்சோ மிளகாயே கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் காம்பையும் விதையையும் நீக்கி, சற்றே வாட்டி, பொடித்துப் பாப்ரிகாவுக்குப் பதிலாகச் சேர்த்தால் சுவை இன்னும் நெருங்கிவரும். இந்தக் கலவையுடன் கால் தேக்கரண்டி ஆல்ஸ்பைஸ் தூளும் ஒரு சிட்டிகை பட்டைத்தூளும் சேர வேண்டும். அரைத்த இறைச்சிக் குழம்பில் பட்டை சேர்ப்பது கிரேக்க வீடுகளின் கைப்பழக்கம். அந்தச் சாயல் இருக்க வேண்டும், ஆனால் சாப்பிடுபவர் இது பட்டை என்று அடையாளம் காணும் அளவுக்குப் போகக் கூடாது. கரம் மசாலா, மல்லித்தூள், இஞ்சி ஆகியவற்றைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று நுழைந்தாலும் சாஸ் கைமாக் குழம்பாக மாறிவிடும். கைமாக் குழம்பு அருமையான பொருள்தான், ஆனால் அதை இட்லிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மீதமுள்ளவை எளியவை: நடுத்தர அளவு பல்லாரி வெங்காயம் ஒன்று, பூண்டு இரண்டு பல், மாட்டுக் கொழுப்பு அல்லது வெண்ணெய் 30 கிராம், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, வொர்ஸ்டர்ஷயர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள் கடுகுச் சாஸ் ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, பதத்தைக் கெட்டியாக்க உப்பு பிஸ்கட் 25 கிராம், குளிர்ந்த தண்ணீர் 750 மில்லிலிட்டர். தக்காளி விழுதின் வேலை நிறத்துக்கும் மெல்லிய புளிப்புக்கும் மட்டுமே; அளவு கூடினால் இது பாஸ்தா சாஸின் பக்கம் சாய்ந்துவிடும். தக்காளி கெச்சப்பில் சர்க்கரை மிகுதி என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

சமைத்தல்

அடிகனமான பாத்திரத்தில், இன்னும் அடுப்பில் ஏற்றாமலேயே, அரைத்த இறைச்சியைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் பாதியை ஊற்றிக் கையால் பிசைந்து கரையுங்கள். ஒரு கட்டிகூட விரலில் தட்டுப்படாத அளவுக்கு, இறைச்சி தண்ணீரில் கலந்து இளஞ்சிவப்புக் கஞ்சியைப் போல ஆகும்வரை பிசைய வேண்டும். பார்ப்பதற்கு அழகாக இருக்காது. பிறகு மீதித் தண்ணீரையும் ஊற்றிக் கலக்குங்கள். இந்த ஒரு செயலைத்தான் பலர் நம்பாமல் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சாஸின் பதம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இறைச்சித் தசையில் உள்ள புரதங்கள் சூடுபட்டவுடன் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அந்த நேரத்தில் துகள்கள் நெருங்கிக் கிடந்தால் கட்டியாகவும், தண்ணீரில் பிரிந்து மிதந்தால் தனித்தனி மணிகளாகவும் இறுகும். இதே காரணத்தால் உப்பை இப்போது போடக் கூடாது. உப்பு தசைப் புரதத்தைக் கரைத்து ஒட்டும் தன்மையைக் கூட்டும்; சாசேஜ் செய்பவர்களுக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம்.

இறைச்சியை முதலில் பொன்னிறமாக வதக்கினால் சுவை கூடுமே என்ற கேள்வி எழலாம். ஸ்டேக்கிலும் துண்டு இறைச்சிச் சில்லியிலும் அது உண்மைதான். இத்தனை நுண்ணிய துகள்களை வதக்கும்போது ஒவ்வொரு மணியும் மேல்தோல் இறுகிக் கடினமாகிவிடுகிறது. பிறகு எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் அந்தக் கடினம் முழுவதும் போவதில்லை. கோனி சாஸின் மிருதுத்தன்மைக்காக வறுவல் மணத்தை விட்டுக்கொடுப்பதே சரியான பேரம் என்பது என் கருத்து.

பாத்திரத்தை நடுத்தரத் தீயில் ஏற்றி, கொதி வரும்வரை நிறுத்தாமல் கிளறுங்கள். பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் வேறு வேலைக்குப் போனால் அடியில் தங்கிய இறைச்சி அடைபோல ஒட்டிக்கொள்ளும். நிறம் சிவப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும்போது துகள்கள் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். மத்து அல்லது கம்பி விஸ்க் ஒன்று இந்த நேரத்தில் கரண்டியைவிட நன்றாக உதவும். மேலே திரளும் நுரையில் மிகவும் கெட்டியானதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் பாத்திரத்திலேயே விடலாம்.

கொதி வந்த பிறகு தீயைக் குறைத்துவிட்டு, வேறொரு சிறு வாணலியில் கொழுப்பை உருக்கி, மிகவும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிவக்க விடாமல், கண்ணாடிபோல ஆகும்வரை பத்து நிமிடம் மெல்லிய தீயில் வதக்குங்கள். வெங்காயம் இறைச்சி மணியளவுக்குப் பொடியாக இல்லாவிட்டால் சாஸில் தனியாகத் தெரியும், துருவியும் போடலாம். நசுக்கிய பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் கழித்து மசாலாக் கலவை முழுவதையும் கொட்டி, அரை நிமிடம் மட்டும் கிளறி, தக்காளி விழுதைச் சேர்த்து இறக்குங்கள். மிளகாயின் நிறமும் சீரகத்தின் மணமும் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும் என்பதால் இந்தத் தாளிப்பைத் தவிர்க்க முடியாது. ஆனால் மிளகாய்த்தூள் சில நொடிகளில் கருகிவிடும், கருகினால் வரும் கசப்பைப் பின்னால் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. இதை இறைச்சிப் பாத்திரத்தில் வழித்துப் போட்டு, வாணலியைச் சிறிது சாறால் அலம்பி அதையும் சேர்த்துவிடுங்கள். வொர்ஸ்டர்ஷயர் சாஸும் கடுகுச் சாஸும் இப்போது சேரலாம்.

இனி மூடியைச் சற்றே திறந்து வைத்து, ஓரிரு குமிழிகள் மட்டும் எழும் தீயில் ஒன்றரை மணி நேரம் வேக விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அடிவரை கிளறினால் போதும். தண்ணீர் வற்றி இறைச்சி வெளியே தெரியத் தொடங்கினால் அரைக் கோப்பை கொதிநீரை ஊற்றலாம். பிரஷர் குக்கரில் வேகவைத்தால் நேரம் குறையும், இறைச்சியும் மிருதுவாகும்; ஆனால் சாறு வற்றாமல் அப்படியே இருக்கும் என்பதால், பிறகு திறந்து வைத்து வற்ற வைக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆதாயம் குறைவுதான்.

கடைசி இருபது நிமிடத்தில் உப்பு பிஸ்கட்டைத் தூளாக்கி, மேலாகத் தூவிக் கிளறுங்கள். சாற்றையும் கொழுப்பையும் பிடித்து வைப்பது இந்த மாவுதான். அமெரிக்க உணவகங்களில் இதற்கென்று பிஸ்கட் தூளையே பயன்படுத்தும் வழக்கம் உண்டு. இனிப்பில்லாத பிஸ்கட் கிடைக்காவிட்டால் உலர்ந்த ரொட்டித்தூள் போதும். சோள மாவு வேண்டாம். பளபளப்பான கூழ்த்தன்மையைத் தந்து, உணவகங்களில் சாப்பிட்ட மஞ்சூரியன் குழம்பை நினைவுபடுத்தும். உப்பு, வினிகர் இரண்டையும் இறுதியில் சேர்த்துச் சுவை பாருங்கள். சாசேஜிலும் கடுகுச் சாஸிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால், வெறுமனே சுவைக்கும்போது சாஸ் சற்று உப்புக் குறைவாகத் தோன்றுவதே சரியான அளவு.

பதத்தைச் சோதிக்க, கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் வற்ற வேண்டும். மூடாமலே நின்றால் தண்ணீர் தேவை. இரண்டு மூன்று நொடிகளில் மெல்ல மூடினால் இறக்கிவிடலாம். பிறகு ஒரு துண்டு பன்னின் மேல் ஒரு கரண்டி வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். சாறு பன்னின் அடிவரை ஊறினால், பதம் வந்துவிட்டதாகத் தோன்றினாலும் வரவில்லை என்றே பொருள்.

எல்லாம் செய்தும் இறைச்சி கட்டியாகிவிட்டால், உருளைக்கிழங்கு மசிப்பானால் பாத்திரத்திலேயே நசுக்குங்கள். அல்லது கைமிக்ஸியைச் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். காரம் மிஞ்சினால் சர்க்கரை சேர்ப்பதைவிட இன்னும் கொஞ்சம் இறைச்சியைத் தனியாக வேகவைத்துச் சேர்ப்பதே நல்லது. மேலே கொழுப்பு மிதந்தால் கரண்டியால் எடுக்கலாம், ஆனால் முழுவதும் எடுத்துவிடாதீர்கள். மிளகாயின் நிறமும் மணமும் அந்தக் கொழுப்பில்தான் இருக்கின்றன.

ஹாட் டாக்கைச் சேர்த்தல்

கோனிக்கு இயற்கைக் குடலுறையில் அடைத்த, மாட்டிறைச்சியிலோ மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்தோ செய்த சாசேஜ்தான் வழக்கம். கடிக்கும்போது அது வெடிப்பதுபோல் முறிவதை மிச்சிகன்காரர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால், கிடைக்கும் சாசேஜைக் கொதிக்காத வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்திருந்து, பிறகு தோசைக்கல்லில் உருட்டி உருட்டி மேல்தோல் சற்று இறுகும்படி சுடுங்கள். நீளவாக்கில் கீற வேண்டாம், சாறு போய்விடும். பன்னை டோஸ்ட் செய்யாமல் இட்லிப் பானையில் துணி விரித்து அரை நிமிடம் ஆவி காட்டினால் போதும். அதற்கு மேல் வைத்தால் நனைந்து கிழியும்.

சாசேஜின் மேல் மூன்று மேசைக்கரண்டி சாஸ், அதன்மேல் கடுகுச் சாஸ், அதன்மேல் வெங்காயம் என்ற வரிசையை மாற்றக் கூடாது. வெங்காயம் காரமாக இருந்தால் நறுக்கியதைக் குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்துகொள்ளலாம். சீஸ் சேர்ப்பவர்கள் உண்டு. சாஸ் நன்றாக அமைந்திருந்தால் அதற்கு அவசியம் இருப்பதில்லை. சூட்டோடு பரிமாற வேண்டும் என்பதால் பன்களை முன்கூட்டியே நிரப்பி வைக்காமல், சாஸ் பாத்திரத்தை மெல்லிய தீயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தயாரிப்பதே முறை.

சேமித்தல்

சமைத்த அன்றைவிட மறுநாள் இந்தச் சாஸ் நன்றாக இருக்கும் என்பதால் விருந்துக்கு முந்தைய நாளே செய்து வைப்பது புத்திசாலித்தனம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி நீண்ட நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போக வாய்ப்புண்டு. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாட்களும், உறைவிப்பானில் இரண்டு மூன்று மாதங்களும் தாங்கும். ஒரு வேளைக்குத் தேவையான அளவைத் தட்டையான பைகளில் அடைத்து உறையவைத்தால் கரைவதும் விரைவாக நடக்கும். மீண்டும் சூடாக்கும்போது பிஸ்கட் மாவு தண்ணீரை இழுத்துச் சாஸ் இறுகியிருக்கும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து, முழுவதும் கொதிக்கும்வரை கிளறி, கோட்டுச் சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள். மிஞ்சியதை வறுத்த உருளைக்கிழங்கு மேல் ஊற்றலாம். டெட்ராய்டில் செய்வதுபோல, உதிரியாக வதக்கிய மாட்டிறைச்சியைச் சாசேஜுக்குப் பதிலாகப் பன்னில் நிரப்பி, அதன்மேல் இதே சாஸையும் கடுகுச் சாஸையும் வெங்காயத்தையும் சேர்த்தும் சாப்பிடலாம்.